சாகத் துணிந்தவர்கள் கட்டிய ஊர்

ஊட்டியை உருவாக்கியவர் ஒரு கலெக்டர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மேல் ஏறிப் போய், அந்தக் குளிரில் சொக்கிப்போனார். அங்கேயே பங்களாவும் கட்டிக்கொண்டார். சிம்லாவை எழுப்பியது பட்டாளத்து அதிகாரிகள். ஏற்காட்டுக்கு காபித் தோட்டக்காரர்கள்.

சரி, கொடைக்கானலுக்கு யார்?

வாந்திபேதி!

விளையாட்டில்லை. ஏரியில் படகு விட்டு, ஹோம்மேட் சாக்லேட்டும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு, தூண் பாறையில் மேகம் விலகுமா என்று காத்திருக்கிறோமே, அந்த ஊர் உருவாகக் காரணம் கீழே மதுரைச் சமவெளியில் அடுத்தடுத்து விழுந்த சாவுகள்தான். அங்கே செத்துக்கொண்டிருந்தவர்களும் வழி தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. 'இங்கேயே செத்தாலும் பரவாயில்லை' என்று கப்பலேறி வந்தவர்கள்!

1834-ம் வருடம். யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே 1816 முதல் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமாக வேரூன்றியிருந்த அமெரிக்க மிஷன், கடலைத் தாண்டி மதுரைக்கு வந்தது. டாட், ஹாய்சிங்டன் என்று இரண்டு பாதிரிகள். கூடவே வட்டுக்கோட்டை செமினரியில் படித்த யாழ்ப்பாணத் தமிழ் இளைஞர்கள். (மதுரைக்கு அமெரிக்கர்கள் வந்த கதையில் இந்த இளைஞர்களை எல்லோருமே மறந்துவிடுவார்கள். நாம் மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படுவார்கள்.)

அந்தக் காலத்தில் பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்குப் பாய்மரக் கப்பலில் வர நாலு மாசத்துக்கு மேல் ஆகும். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை. போகலாம் என்ற எண்ணத்தோடு வரவும் இல்லை. துறைமுகத்தில் வழியனுப்பிய அம்மா அப்பாவுக்கும் அது தெரியும். உயிரோடு இருக்கும்போதே ஒருதரம் சாவு வீடு மாதிரி அழுது முடித்துவிடுவார்கள்.

வந்த அடுத்த வருடமே, 1835-ல் பாதிரி டாட்டின் மனைவி லூசி இறந்துபோனார். அடுத்து இன்னொருவர், அதற்கடுத்து இன்னொருவர் என்று கணக்கு ஏறியது. 1844-ல் ராபர்ட் டுவைட் என்ற பாதிரியைக் காலரா கொண்டுபோனது. ஒரு நாள் காலையில் நன்றாக இருந்தவர் மறுநாள் காலையில் குழிக்குள் இருப்பார். காலரா அப்படித்தான் வேலை செய்யும்.

கத்தோலிக்கர் பக்கம் இதைவிட மோசம். இயேசு சபையைப் போப்பாண்டவர் 1773-ல் கலைத்து, 1814-ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள் இல்லையா? அதன்பிறகு பழைய மதுரை மிஷனைத் தூசி தட்டி எடுக்க 1838-ல் பிரான்ஸிலிருந்து நாலு சாமியார்கள் வந்தார்கள். பெர்த்ரான், கார்னியே, மார்த்தேன், ட்யூ ரான்கே. 1843 முடிவதற்குள் அந்த நால்வரில் மூவர் இறந்தாகிவிட்டது. மிஞ்சியவர் பெர்த்ரான் மட்டும். அவர் பிரான்ஸுக்குத் திரும்பிப் போய், மதுரை மிஷனின் வரலாற்றைத் தடித்தடிப் புத்தகங்களாக எழுதினார். எழுத ஆள் மிஞ்சியதே பெரிசு!

இத்தனைக்கும் எதனால் சாகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. காலரா தண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டியது 1854-ல். கல்கத்தாவில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைப் பிடித்தது 1884-ல். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். அதுவரைக்கும் பழி எல்லாம் காற்றின் மேல்தான். 'மலேரியா' என்ற வார்த்தைக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம்.

காற்று கெட்டுப்போனால் என்ன செய்வது? நல்ல காற்று அடிக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையை முயன்று பார்த்தார்கள். நாலாயிரம் அடி உயரம். காய்ச்சல் அங்கேயும் கூடவே ஏறி வந்தது. அப்புறம்தான் கண் பழனிமலைத் தொடர் மீது போனது. 1821-லேயே பி.எஸ்.வார்டு என்ற சர்வே அதிகாரி மேலே போய் அளந்து வைத்திருந்தார். ஏழாயிரம் அடி. 1845-ல் அங்கே அமெரிக்க மிஷனின் இரண்டு பங்களாக்கள் எழும்பின. ஒன்றுக்கு 'சன்னிசைடு', இன்னொன்றுக்கு 'ஷெல்டன்' என்று பெயர்.

அதுதான் கொடைக்கானல் டவுனின் பிறந்த நாள். மலை அதற்கு முன்னால் காலியாகக் கிடந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பளியர்களும் புலையர்களும் குன்னுவர்களும் நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும் முன்னால் யாரோ கல்திட்டை எழுப்பி இறந்தவர்களை வணங்கியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. 'சாகவும் தயார்' என்று சொல்லிவிட்டு வந்தவர்கள், சாவு கதவைத் தட்டியதும் மலைமேல் ஏறிக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது? உங்கள் மனசில் வந்தாலும் வராவிட்டாலும், எனக்கு வந்தது.

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மதத்தின் அளவுக்கு வயசு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. இன்றைய துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னா நகரம். போலிகார்ப் என்ற முதிய பிஷப்பைத் தேடி ரோமானியக் காவலர்கள் அலைகிறார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் தேடி வர, இன்னொரு பண்ணைக்கு. கடைசியில் பிடிபட்டபோது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபம் பண்ணக் கொஞ்ச நேரம் கேட்டார். 'கிறிஸ்துவை மறுதலி, விட்டுவிடுகிறோம்' என்றார்கள். மறுத்தார். எரிக்கப்பட்டார். அதே ஊரில் குயிண்டஸ் என்று இன்னொருத்தன். யாரும் கேட்காமலே தானாகப் போய் 'நான் கிறிஸ்தவன், என்னைப் பிடி' என்று நெஞ்சைக் காட்டினான். வளாகத்தில் மிருகங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப்போய் ரோமானியக் கடவுளுக்குப் பலி கொடுத்துவிட்டுத் தப்பினான். ஸ்மிர்னா சபை எழுதி வைத்த கடிதம் பண்ணை வீட்டில் ஒளிந்தவரைக் கொண்டாடுகிறது. தானாகப் போய் நின்றவனைக் கண்டிக்கிறது!

ஆக, சாவைத் தேடிப் போகக் கூடாது, வந்தால் மறுக்கவும் கூடாது. சொல்வது சுலபம்... அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்னை. நம்ம ஊரில் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தவர் ஒருவர் உண்டு. பழனிமலைக்குப் பின்னால் ஏறிப் போன இயேசு சபைச் சாமியார்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர், முன்மாதிரி. பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழில் அருளானந்தர்.

லிஸ்பனில் 1647-ல் பிறந்த பெரிய வீட்டுப் பிள்ளை. அரண்மனையில் இளவரசன் பெட்ரோவோடு வளர்ந்தவர். 1673-ல் இந்தியாவுக்குக் கிளம்பினார். மதுரை மிஷனில் சேர்ந்து, காவி உடுத்தி, பண்டாரச் சாமியாராக, கறி மீன் தொடாமல் காடு மேடெல்லாம் நடந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடித்தார்கள். அடி, உதை, தண்ணீரில் முக்கி எடுப்பது என்று எல்லாம் நடந்தது. அவரோடு பிடிபட்ட தமிழ் உபதேசியார்களுக்கும் அதே பூசை. கடைசியில் கிழவன் சேதுபதி அவரை விடுவித்து, 'என் சீமையில் இனி போதிக்காதே' என்று உத்தரவு போட்டு அனுப்பினார்.

சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. சின்ன வயசுத் தோழன் பெட்ரோ இப்போது போர்ச்சுகல் ராஜா. 'இங்கேயே இருந்துவிடு' என்று வற்புறுத்தினார். அம்மாவும் உயிரோடு இருந்தார். யாராயிருந்தாலும் தங்கியிருப்பார்கள். பிரிட்டோ 1690-ல் திரும்பி வந்துவிட்டார். அதுவும் எந்தச் சீமைக்குள் நுழையாதே என்றார்களோ, அதே மறவர் சீமைக்கு!

அங்கே தடியத் தேவர் என்ற சிற்றரசர் நோயில் கிடந்தார். குணமானதும் கிறிஸ்தவராக விரும்பினார். அரச குடும்பம். சேதுபதியின் சிம்மாசனத்துக்கே உரிமை கோரக்கூடியவர் என்பதால் சேதுபதிக்கு அவர் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. பல மனைவிகள். 'ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட வேண்டும்' என்றார் பிரிட்டோ. தேவர் சம்மதித்து, மற்றவர்களுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசி மனைவி கடலை, சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அழுதுகொண்டே போய் அரண்மனையில் முறையிட்டாள். கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் இந்தப் பெண்ணை வில்லியாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தாலி கட்டிக் கூட்டிவந்தவன் ஒருநாள் திடீரென்று 'இனிமேல் நீ தங்கச்சி மாதிரி' என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சேதுபதியின் கோபத்தில் அரசியல் இருந்தது. பிரிட்டோவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

1693 ஜனவரியில் கைது. ஓரியூருக்குக் கொண்டுபோனார்கள். சிறையில் கரியை மையாக்கி, சபைச் சாமியார்களுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4, சாம்பல் புதன்கிழமை. மணல்மேட்டில் தலையை வெட்டினார்கள். அங்கே மண் சிவப்பாக இருக்கிறது. ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்குப் போகிறவர்கள் இன்றும் ஒரு பிடி மண் எடுத்து வருகிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும்தான். 1947 ஜூன் 22-ம் தேதி, நமக்குச் சுதந்திரம் வருவதற்குச் சரியாக 54 நாள் முன்னால், ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது.

பிரிட்டோ திரும்பி வந்தது குயிண்டஸ் மாதிரியா, போலிகார்ப் மாதிரியா? தடை செய்த நாட்டுக்குள் நுழைந்ததை மட்டும் பார்த்தால் முன்னவர். அங்கே தன்னை நம்பிய ஜனம் இருந்தார்கள், ஏற்கெனவே தன்னால் அடிபட்டவர்கள் இருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு லிஸ்பன் அரண்மனையில் உட்கார முடியவில்லை என்று பார்த்தால் பின்னவர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

இப்போது மலைக்குத் திரும்புவோம்.

1850-களில் பிரெஞ்சுச் சாமியார் செயிண்ட் சீர் கொடைக்கானலுக்கு ஏறி வந்தார். 1866-ல் அவர் கட்டியதுதான் சலேத் மாதா கோயில். ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்குக் கொடைக்கானலே கூடும். 1895-ல் செண்பகனூரில் இயேசு சபையின் திருஇருதயக் கல்லூரி வந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அங்கே போவது பாடம் பண்ணிய பாம்பும் பறவையும் பார்க்க. ஆனால், அங்கே சேர்த்து வைக்கப்பட்ட மதுரை மிஷன் ஆவணங்களுக்காகவே மலையேறிய வரலாற்று ஆய்வாளர்கள் நிறையப் பேர். ஒருத்தர் செத்தால் இன்னொருத்தர் தொடர்ந்து எழுதிய கடிதங்கள். சமவெளியின் செல்லும் ஈரமும் தின்னாமல் காகிதங்களையும் மலைக் குளிர்தான் காப்பாற்றியது.

அமெரிக்கர்கள் 1901-ல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அதுவரை பல குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் கிடந்தன. மலையேறிய பிறகு மிஷனரிகள் பிழைத்தார்கள். முப்பது, நாற்பது வருடம் வேலை பார்த்தார்கள். 'ஓடிப்போனார்கள்' என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஒரு வருடத்தில் செத்துவிடுகிற டாக்டரால் ஊருக்கு என்ன பிரயோஜனம்?

ஆனால், யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் கதை மாறுகிறது.

1910-களில் வத்தலகுண்டு பக்கமிருந்து காட் ரோடு திறக்கும்வரை கொடைக்கானலுக்கு வண்டி கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அதற்குப் பெயரே 'கூலி காட்'. துரையும் துரைசானியும் குழந்தைகளும் டோலியில். தோளில் சுமந்தவர்கள் அடிவாரத்து ஏழைகள். பியானோவரை மேலே போனது அவர்கள் தோளில்தான். மேலே இறக்கிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு, அதே காலராவுக்குள் திரும்பி இறங்கி வந்தார்கள்.

உபதேசியார்கள் கதையும் அதேதான். 1845-ல், கொடைக்கானலில் பங்களா எழும்பிய அதே வருடம், அமெரிக்க மிஷன் தன் தமிழ் மாணவர்களுக்கான செமினரியைத் திருமங்கலத்திலிருந்து மாற்றியது. எங்கே? திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கும் பசுமலைக்கு! ஒரே வருடத்தில் இரண்டு மலை. ஒன்று ஏழாயிரம் அடி, வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு. இன்னொன்று, பெயரில் மட்டும் மலையாக இருக்கும் குன்று. இதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

பசுமலையில் படித்து வெளியே வந்தவர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். வாந்திபேதி வந்த சேரிகளில் சொந்தக்காரனே தொடப் பயந்த பிணங்களைப் புதைத்தார்கள். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து, அதன் வாலைப் பிடித்துக் காலராவும் வந்தபோது, அவர்களுக்கு ஏறிக்கொள்ள மலை இருக்கவில்லை. சாதிசனம் தள்ளிவைத்தது, சம்பளமோ சொற்பம். பெரும்பாலும் பெயர் பதிவாகவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து முதன்முதலில் கூட வந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்!

வெள்ளைத் தோல் இல்லாத ஒருவரின் சாவு ரோம்வரை எட்ட எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் புனிதர் பட்டம் 2022 மே 15-ல்தான் வந்தது. 270 வருடம்! சாதியைத் தாண்டியதற்காகவும் அடிபட்டவர் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை'யை, பலர் எழுப்பிய ஆட்சேபணைக்குப் பிறகே வாடிகன் எடுத்தது.

நியாயமாகச் சொன்னால், எல்லாப் பாதிரிகளையும் மலை காப்பாற்றவும் இல்லை. டேவிட் காய்ட் ஸ்கடர் என்று ஒரு இளைஞர். (வேலூர் ஸ்கடர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் பாஸ்டன்காரர்.) 1861-ல் வந்தார். அவருக்குக் கிடைத்த ஊர் பெரியகுளம். வாசலில் நின்றால் எதிரே பழனிமலைதான் சுவர் மாதிரி நிற்கும். மேலே குளிர்ந்த காற்று, சக அமெரிக்கர்கள், பாதுகாப்பு. கீழே அவர் தமிழ் படித்துக்கொண்டும் கிராமங்களைச் சுற்றிக்கொண்டும் இருந்தார். 1862 நவம்பரில், மழைக்காலத்தில், வைகையில் வெள்ளம். ஆற்றைக் கடக்க நீந்தினார். கரை சேரவில்லை. வயது 27. வாளும் இல்லை, கிருமியும் இல்லை. வேலையாகப் போன இடத்தில், ஒரு ஆறு.

பாஸ்டனிலிருந்த தம்பி ஹொரேஸ் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர். அண்ணனின் கடிதங்களைத் திரட்டி 1864-ல் அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டார். மனைவி ஹேரியட், மதுரையில் பிறந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அந்தக் குழந்தைதான் வைடா ஸ்கடர். பாஸ்டன் பக்கத்து வெல்லெஸ்லி கல்லூரியில் இலக்கியப் பேராசிரியை. தன்னைக் கிறிஸ்தவர் என்றும் சோஷலிஸ்ட் என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டவர். 1912-ல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் செய்தபோது, அவர்கள் கூட்டத்தில் போய்ப் பேசினார். பத்திரிகைகள் வேலையை விட்டு விலகச் சொல்லிக் கூச்சல் போட்டன. அவர் விலகவில்லை. 1954-வரை வாழ்ந்தார். அப்பாவின் முகம் அவருக்கு நினைவிருக்க வழியில்லை. வைகை அவரைக் கொண்டுபோனபோது வைடாவுக்குப் பதினோரு மாசம்.